டர்போ காரில் தண்ணீர் இன்ஜெக்‌ஷன்: அறிகுறி பார்த்துக் கோளாறு பிடிக்கும் வழி

தண்ணீர் இன்ஜெக்‌ஷன் (பூஸ்ட் ஏறும்போது, அதாவது டர்போ காற்றை அழுத்தி உள்ளே தள்ளும்போது, அந்தக் காற்றில் தண்ணீரை விசிறிக் குளிர வைத்து, சிலிண்டரில் பெட்ரோல் தாறுமாறாக வெடிக்கும் தட்டலை, அதாவது நாக்கிங்கை, தடுக்கும் ஏற்பாடு) போட்ட டர்போ பெட்ரோல் வண்டிகள் எங்கள் கோவைப் பட்டறைக்கு வரும்போது, ஓனர்கள் பலர் புது பம்ப் ஒன்றை வாங்கி டிக்கியில் வைத்துக்கொண்டே வருகிறார்கள். பழைய பம்பைச் சோதித்தால் பெரும்பாலும் அது நன்றாகத்தான் இருக்கும். கோளாறு வேறு இடத்தில் கிடக்கும்: ஊற்றிய தண்ணீரில், டியூபில், நாசிலில் அல்லது எர்த் வயரில். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்தை முதலிலும் பர்ஸைக் கடிப்பதைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். வரிசையைத் தாண்டிப் போகாதீர்கள்.

இங்கே சொல்வதெல்லாம் வழக்கமான கிட் அமைப்புக்கு: 12 வோல்ட் டயாஃப்ரம் பம்ப், 10 முதல் 15 பார் வரை அழுத்தம், இன்டர்கூலருக்கும் (டர்போவில் இருந்து வரும் காற்றைக் குளிர்விப்பது) த்ராட்டில் பாடிக்கும் (என்ஜினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடுவது) நடுவே நாசில் (தண்ணீரை விசிறும் முனை), பூஸ்ட் அளவைப் பார்த்துப் பம்பை ஓட்டும் கண்ட்ரோலர். கையில் ஒரு மல்டிமீட்டர், வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர், தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்ட ஆர்ஓ மெஷின் பார்ப்பவர்கள் வைத்திருக்கும் டிடிஎஸ் மீட்டர், மில்லி கோடு போட்ட ஒரு பாட்டில் இருந்தால் போதும்.

எதைத் தொடுவதற்கும் முன்

கண்ட்ரோலரில் டெஸ்ட் பட்டன் இருக்கும். நாசில் பைப்பில் மாட்டியபடி இருக்க, என்ஜின் ஓடாமல் இருக்க, அந்தப் பட்டனை அழுத்தவே கூடாது. பத்து நொடி அழுத்தினாலே தண்ணீர் போய் இன்டேக்கில் (காற்று உள்ளே போகும் பாதையில்) தேங்கும். அடுத்து ஸ்டார்ட் செய்யும்போது அது சிலிண்டருக்குள் இறங்கினால், தண்ணீரை அழுத்த முடியாமல் பிஸ்டன் பாதியில் நிற்கும், கனெக்டிங் ராடு வளையும். டெஸ்ட் செய்வதென்றால் நாசிலைக் கழற்றி, டியூப் மாட்டியபடியே பாட்டிலுக்குள் விட்டுவிட்டுச் செய்யுங்கள்.

அப்புறம், எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் சோதனை ஒன்றுதான். தண்ணீர் சிஸ்டத்தின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, குறைந்த பூஸ்ட் மேப்பில் (மேப் என்பது பூஸ்டும் தீப்பொறி நேரமும் எவ்வளவு என்று என்ஜின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் பதிவு) வண்டியை ஓட்டிப் பாருங்கள்.

- அறிகுறி அப்படியே இருக்கிறது: கோளாறு தண்ணீரில் இல்லை. ஸ்பார்க் பிளக், காயில், பூஸ்ட் லீக், பெட்ரோல் என்று வழக்கமான பக்கம் போங்கள்.
- அறிகுறி போய்விட்டது: கீழே வாருங்கள்.
- உங்கள் வண்டியில் குறைந்த பூஸ்ட் மேப்பே கிடையாது: ஆக்ஸிலரேட்டரைப் பாதிக்கு மேல் மிதிக்காமல் ஓட்டுங்கள். முழு பூஸ்டில் தண்ணீர் இல்லாமல் சோதிப்பது பிஸ்டனை வைத்து விளையாடுவது.

அறிகுறி 1: பம்ப் சத்தமே கேட்கவில்லை

நாசிலைப் பாட்டிலில் விட்டு டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள்.

*டெஸ்டில் ஓடுகிறது, ரோட்டில்தான் ஓடவில்லை*

பூஸ்ட் போகும் மெல்லிய ஹோஸைப் பாருங்கள். இன்டேக் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் பகுதி) இருந்து கண்ட்ரோலருக்கு வரும் அந்தச் சின்ன ஹோஸ் டி-ஜாயின்டில் கழன்றிருக்கும், இல்லையென்றால் டர்போ சூட்டில் வெடித்திருக்கும். பார்வைக்கு நன்றாக இருந்தால் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் 50 மில்லி சிரிஞ்சை (ஊசி இல்லாமல்) ஹோஸின் மேனிஃபோல்டு முனையில் செருகி மெதுவாக அழுத்துங்கள். கண்ட்ரோலரின் ஸ்டார்ட் அளவைக் குறைத்து வைத்திருந்தால் பம்ப் ஓடத் தொடங்க வேண்டும். ஓடியது என்றால் ஹோஸும் கண்ட்ரோலரும் நன்றாக இருக்கின்றன, ஸ்டார்ட் அளவுதான் உங்கள் வண்டியின் பூஸ்டைவிட மேலே இருக்கிறது. 1 பார் பூஸ்ட் வருகிற வண்டிக்கு 0.4 முதல் 0.5 பாரில் தொடங்க வைப்பது நல்ல ஆரம்பம்.

*டெஸ்டிலும் ஓடவில்லை*

1. டேங்கில் தண்ணீர் இருக்கிறதா? லெவல் சுவிட்ச் உள்ள கிட்டுகளில் தண்ணீர் குறைந்தால் பம்பையே நிறுத்திவிடும். சுவிட்சின் மிதவை சில நேரம் அழுக்கில் ஒட்டிக்கொண்டு, டேங்க் நிரம்பியிருந்தாலும் காலி என்றே சொல்லும். டேங்கைத் தட்டிப் பாருங்கள்.
2. ஃபியூஸ். எரிந்திருந்தால் அதே ஆம்பியர் ஃபியூஸைப் போடுங்கள், அதைவிடப் பெரியதைப் போடாதீர்கள். புது ஃபியூஸும் உடனே போனால் வயர் எங்கோ உரசி ஷார்ட் ஆகிறது. டிக்கியில் இருந்து முன்னால் வரும் வயர் பின்சீட்டு அடியில் திரும்பும் இடத்தை முதலில் பாருங்கள்.
3. பம்ப் கனெக்டரில் டெஸ்ட் அழுத்தும்போது 12 வோல்ட் வருகிறதா? வரவில்லை என்றால் ரிலே, அதற்கு அப்புறம் கண்ட்ரோலர்.
4. வோல்ட் வருகிறது, பம்ப் ஓடவில்லை என்றால் எர்த்தைச் சோதியுங்கள். பெயின்ட் மேலேயே எர்த் போல்ட்டை முறுக்கியிருப்பார்கள். மீட்டரின் ஒரு முனையைப் பம்பின் நெகட்டிவிலும் மற்றதைப் பேட்டரி நெகட்டிவிலும் வைத்து டெஸ்ட் அழுத்துங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. பெயின்டைச் சுரண்டிவிட்டு மாட்டுங்கள்.
5. எல்லாம் சரி, இன்னும் ஓடவில்லை. பம்பைக் கழற்றி நேராகப் பேட்டரியில் வைத்துப் பாருங்கள். அப்போதும் அசையவில்லை என்றால்தான் பம்ப் செத்திருக்கிறது.

பம்ப் மாற்றும்போது ஆர்ஓ மெஷின் பூஸ்டர் பம்பை மாட்டலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். வீட்டு ஆர்ஓ பம்ப் பெரும்பாலும் 24 வோல்ட், சொட்டுச் சொட்டாக மணிக்கணக்கில் ஓடுவதற்கென்று செய்தது. டர்போ வண்டி கேட்கும் அழுத்தத்தில் கேட்கும் அளவு தண்ணீரை அதால் தள்ள முடியாது.

அறிகுறி 2: பம்ப் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை அல்லது குறைவாக வருகிறது

இங்கேதான் அளந்து பார்க்க வேண்டும். காதால் கேட்டு முடிவு செய்யாதீர்கள். நாசிலைப் பாட்டிலுக்குள் விட்டு, என்ஜினை ஐடிலில் ஓட விட்டு (அப்போதுதான் ரோட்டில் கிடைக்கும் வோல்டேஜ் பம்புக்குக் கிடைக்கும்), நாசில் கழற்றிய துளையை ஒரு பிளக்கால் அடைத்துவிட்டு, டெஸ்டை 30 நொடி அழுத்துங்கள். எத்தனை மில்லி?

எவ்வளவு வர வேண்டும் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு. 200 குதிரைத்திறன் தரும் டர்போ பெட்ரோல் என்ஜின் முழு மிதியில் நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல் பெட்ரோல் குடிக்கும். வெறும் தண்ணீர் என்றால் அதில் 10 முதல் 15 விழுக்காட்டில் ஆரம்பிக்கலாம். அதாவது நிமிடத்துக்கு 120 முதல் 180 மில்லி, 30 நொடிக்கு 60 முதல் 90 மில்லி. பாட்டிலில் எதிர்ப்பு இல்லை, வண்டியில் பூஸ்ட் எதிர்த்துத் தள்ளும். 10 பார் பம்பும் 1.2 பார் பூஸ்டும் என்றால் பாட்டில் கணக்கில் இருந்து ஆறு விழுக்காடு போலக் கழித்துக்கொள்ளுங்கள்.

*ஒரு சொட்டும் வரவில்லை*

ஏர் பிடித்திருக்கும். டயாஃப்ரம் பம்ப் தள்ளுவதில் கெட்டி, உறிஞ்சுவதில் சுமார். டேங்க்கின் அடிப்பகுதிக்குச் சமமாகவோ அதற்குக் கீழேயோ பம்ப் இருக்க வேண்டும். நாசிலைக் கழற்றி, வெறும் டியூபில் தண்ணீர் வரும்வரை பம்பை ஓட்டி ஏரை எடுங்கள். டேங்கில் இருந்து பம்புக்கு வரும் டியூபில் குமிழ்கள் ஓடிக்கொண்டே இருந்தால் அந்த ஜாயின்ட்டில் காற்று இழுக்கிறது. அந்த டியூப் மெலிதாக இருந்தால் உறிஞ்சும்போது சப்பையாக ஒட்டிக்கொள்ளும். பம்புக்கு வரும் பக்கம் அகலமான டியூப்தான் வேண்டும்.

*வருகிறது, ஆனால் குறைவு. பாட்டிலில் பனிபோல் விசிறாமல் ஒற்றைக் கோடாகப் பீய்ச்சுகிறது*

நாசில் அடைப்பு. இந்த அறிகுறியோடு வரும் வண்டிகளில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். நாசிலை நல்ல வெளிச்சத்தில் கழற்றுங்கள். பித்தளை உடம்பு, அதன் பின்னால் விரல்நுனி அளவு சல்லடை, அதற்குள் தண்ணீரைச் சுழற்றிவிடும் ஒரு சின்ன உருளை, முன்னால் அரை மில்லிமீட்டர்கூட இல்லாத துளை. சல்லடையில் வெள்ளையாக நூல் நூலாகச் சிக்கியிருந்தால் அது டெஃப்லான் டேப். ஜாயின்ட் போட்டவர் மரையின் நுனிவரை டேப் சுற்றியிருக்கிறார், அது பிய்ந்து வந்திருக்கிறது. முதல் ஒன்றிரண்டு மரையை விட்டுவிட்டுத்தான் டேப் சுற்ற வேண்டும். சுண்ணாம்புபோல் கெட்டியாகப் படிந்திருந்தால் தண்ணீர் சரியில்லை (அறிகுறி 7). பச்சையாக வழவழவென்று இருந்தால் பாசி.

சுத்தம் செய்ய, வெள்ளை வினிகரில் இரண்டு மணி நேரம் ஊற வைத்து, முன்துளையில் இருந்து பின்னால் போகும்படி காற்றடியுங்கள். துளையில் குண்டூசி, கம்பி எதுவும் விடாதீர்கள். பித்தளை மெது. துளை ஒரு பக்கம் இழுபட்டால் விசிறல் கோணலாகிவிடும், அப்புறம் அந்த நாசிலைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

*நாசில் சுத்தம், விசிறலும் நன்றாக இருக்கிறது, ஆனாலும் அளவு குறைவு*

டியூப் மடங்கியிருக்கிறதா, லைன் ஃபில்டர் அடைத்திருக்கிறதா பாருங்கள். பம்ப் ஓடும்போது அதன் முனையில் வோல்டேஜ் அளந்து, பேட்டரியில் இருப்பதைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் தடிமனான வயர் போடுங்கள். பம்ப் சீராக ஓடாமல் விட்டு விட்டு அடித்தால் அதன் தலையில் உள்ள பிரஷர் சுவிட்ச் சீக்கிரமே கட் செய்கிறது. அந்த ஸ்க்ரூவைக் கொஞ்சம் உள்ளே திருகலாம். கால் சுற்று, அரைச் சுற்று, அதோடு நிறுத்துங்கள். இன்னும் குறைவு என்றால் பம்பின் டயாஃப்ரம் போயிருக்கிறது.

அறிகுறி 3: பூஸ்ட் ஏறும்போது வண்டி திணறுகிறது, ஜெர்க் அடிக்கிறது

*முதல் ஒரு நொடி மட்டும் திணறி, அப்புறம் இழுக்கிறது*

தண்ணீர் சீக்கிரம் தொடங்குகிறது. ஸ்டார்ட் அளவை 0.1 பார் 0.1 பாராக ஏற்றிப் பாருங்கள். டேங்க் டிக்கியில், நாசில் முன்னால் என்றால் நடுவில் நாலைந்து மீட்டர் டியூப். அதில் ஏர் இருந்தால் முதலில் ஒன்றும் வராது, பிறகு மொத்தமாகக் கொட்டும். நாசிலுக்குப் பக்கத்தில் ஒரு சொலினாய்டு வால்வு (கரண்டில் திறந்து மூடுவது) போட்டு லைனை எப்போதும் நிறைந்தே வைத்திருப்பதுதான் இதற்கு நிரந்தர மருந்து.

*முழு பூஸ்டில் தொடர்ந்து மிஸ்ஃபயர்*

இரண்டில் ஒன்று: தண்ணீர் அதிகம் அல்லது தீப்பொறி பலவீனம். பிளக் இடைவெளியைக் குறைத்துப் பார்ப்பதற்குச் செலவே இல்லை. கம்பெனி 0.8 மி.மீ. என்று சொல்லியிருந்தால் 0.6 முதல் 0.65 வரை கொண்டு வாருங்கள். திணறல் நின்றால் காரணம் அதுதான். நிற்கவில்லை என்றால் ஒரு அளவு சின்ன நாசில். பெரிய நாசில் போட்டால் அதிக பவர் வரும் என்று நினைப்பது தவறு. தட்டலைத் தடுக்கத் தேவையான அளவுக்கு மேல் போகும் ஒவ்வொரு மில்லியும் பவரைக் குறைக்கத்தான் செய்யும்.

*ஒரே சிலிண்டரில் மட்டும் மிஸ்ஃபயர்*

ஸ்கேனரில் எந்த சிலிண்டர் என்று பார்த்து, அதன் காயிலைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றுங்கள். கோளாறும் கூடவே போனால் காயில் மாற்ற வேண்டும். கோளாறு அங்கேயே நின்றால் அந்த சிலிண்டருக்கு மட்டும் தண்ணீர் அதிகம் போகிறது. நாசில் மேனிஃபோல்டுக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தால், அல்லது பைப்பின் அடிப்பக்கத்தில் சுவரைப் பார்த்து விசிறினால் இப்படித்தான் ஆகும். த்ராட்டிலுக்கு 15 செ.மீ. அல்லது அதற்கு மேலும் தள்ளி, காற்றோட்டத்தின் நடுவில் விசிறும்படி நாசிலை மாற்றுங்கள். 2016-இல் வந்த பிஎம்டபிள்யூ எம்4 ஜிடிஎஸ்ஸில் ஆறு சிலிண்டருக்கு மூன்று இன்ஜெக்டர் வைத்ததே தண்ணீர் சமமாகப் பிரிய வேண்டும் என்பதற்குத்தான்.

டர்போவுக்கு முன்னால் நாசில் வைத்திருக்கிறீர்கள் என்றால் அதை உடனே இடம் மாற்றுங்கள். லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் கம்ப்ரசர் இறக்கையில் தண்ணீர்த் துளி மோதி மோதி விளிம்பை அரித்துவிடும். டர்போ விலை கிட் விலையைவிடப் பல மடங்கு.

அறிகுறி 4: வண்டி நிற்கும்போதே டேங்கில் தண்ணீர் குறைகிறது, ஸ்டார்ட் செய்தால் திணறலும் வெள்ளைப் புகையும்

இந்தப் பட்டியலில் மிக ஆபத்தானது இது. ஸ்டார்ட்டர் பாதி சுற்றி 'டக்' என்று நின்றுவிட்டால் இன்னொரு முறை சாவியைத் திருப்பாதீர்கள். தள்ளி ஸ்டார்ட் செய்யவும் கூடாது. டோ வண்டியைக் கூப்பிடுங்கள். பிளக்குகளைக் கழற்றி, ஃபியூயல் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு, என்ஜினைச் சுற்றித் தண்ணீரை வெளியேற்றி, கம்ப்ரஷன் பார்த்த பிறகுதான் ஸ்டார்ட் செய்யலாம். ஒரு சிலிண்டரில் மட்டும் கம்ப்ரஷன் குறைந்தால் ராடு வளைந்திருக்க வாய்ப்பு உண்டு. அது முழுக்க மெக்கானிக்கின் வேலை.

இன்னும் அந்த நிலைக்குப் போகவில்லை, தண்ணீர் மட்டும் குறைகிறது என்றால்:

நாசிலைக் கழற்றித் தொங்க விடுங்கள், அடியில் காகிதம் வையுங்கள். பம்ப் ஓடாமலே சொட்டுகிறதா? டேங்க் நாசிலைவிட உயரத்தில் இருந்தால் தண்ணீர் தானாகவே இறங்கும். முடிந்தால் டேங்கைக் கீழே இறக்குங்கள்.

காகிதம் காய்ந்தே இருந்தும் தண்ணீர் குறைகிறது, நாசில் த்ராட்டிலுக்கு அப்புறம் இருக்கிறது என்றால், ஐடிலில் மேனிஃபோல்டு வேக்குவம்தான் உறிஞ்சுகிறது. அந்த வேக்குவம் 0.6, 0.7 பார்வரை போகும். ஆர்ஓ லைனில் போடும் சாதாரண செக் வால்வு மிகக் குறைந்த அழுத்தத்திலேயே திறந்துகொள்ளும், வேக்குவத்தைத் தடுக்காது. 1 பாருக்கு மேல்தான் திறக்கும் ஸ்பிரிங் செக் வால்வு அல்லது சொலினாய்டு போடுங்கள். சொலினாய்டு ஏற்கெனவே இருந்தும் ஒழுகினால் அதன் சீட்டில் தூசி உட்கார்ந்திருக்கும், கழற்றி ஊதினால் பல நேரம் சரியாகிவிடும்.

சரி செய்யும்வரை இரவில் நாசிலில் இருந்து டியூபைக் கழற்றி, அதன் முனையை டேங்க் மட்டத்துக்கு மேலே தூக்கிக் கட்டி வைத்துவிடுங்கள்.

அறிகுறி 5: தண்ணீர் சரியாகப் போகிறது, நாக்கிங் நிற்கவில்லை

ஸ்கேனரில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஈசியூ (என்ஜின் கம்ப்யூட்டர்) எத்தனை டிகிரி டைமிங்கை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, பின்னால் இழுக்கிறது என்று பாருங்கள். நாலு சிலிண்டரிலும் இழுக்கிறதா, ஒன்றில் மட்டுமா?

*ஒன்றில் மட்டும்:* தண்ணீர் சமமாகப் பிரியவில்லை. அறிகுறி 3-இல் நாசில் இடம் பற்றிச் சொன்னதைப் பாருங்கள்.

*எல்லாவற்றிலும்:* பெட்ரோல்தான் முதல் சந்தேகம். டேங்கைக் காலியாக்கி வேறு பங்க்கில் போட்டுப் பாருங்கள். அடுத்து, பிளக்கின் ஹீட் ரேஞ்ச். மேப் மாற்றிய வண்டிக்கு கம்பெனி பிளக்கைவிட ஒரு படி குளிர்ந்த (சூட்டைச் சீக்கிரம் வெளியேற்றும்) பிளக் தேவைப்படலாம். அதற்கும் அடுத்துத் தண்ணீர் அளவு: அறிகுறி 2-இல் உள்ள பாட்டில் சோதனை.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. காற்றின் சூட்டை அளக்கும் சென்சார் நாசிலுக்கு முன்னால் இருந்தால், தண்ணீர் எவ்வளவு குளிர வைத்தாலும் அது பழைய சூட்டையே காட்டும். வேலை செய்யவில்லை என்று நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள். அது பரவாயில்லை. சென்சார் நாசிலுக்குப் பின்னால், விசிறல் நேராகப் படும் இடத்தில் இருப்பதுதான் ஆபத்து. ஈரமான சென்சார் காற்றின் உண்மையான சூட்டைவிடக் குறைவாகக் காட்டும். காற்று குளிர்ந்துவிட்டது என்று நம்பி ஈசியூ டைமிங்கை முன்னால் தள்ளும், தட்டல் வரும். முழு மிதியில் சூடு 60 டிகிரியில் இருந்து நொடியில் 25-க்கு விழுந்தால், வெளியே வெயில் 36 டிகிரி என்றால், சென்சார் நனைகிறது என்று அர்த்தம்.

இது எல்லாம் பார்த்த பின்னும் தொடர்ந்து 4, 5 டிகிரி இழுக்கிறது என்றால் ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்துவிட்டு ட்யூனரிடம் போங்கள். மேப்பில் டைமிங்கைக் குறைக்க வேண்டும். அதைத் தண்ணீரால் மூடி மறைக்கக் கூடாது.

அறிகுறி 6: எவ்வளவு ஓட்டினாலும் டேங்கில் தண்ணீர் இறங்கவே இல்லை

சிக்கனமாக ஓடுகிறது என்று சந்தோஷப்பட வேண்டாம். சிட்டிக்குள் மெதுவாக ஓட்டினால் இறங்காதுதான். ஆனால் செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் பல சுற்றுகள் முழு மிதியில் ஓட்டிவிட்டு வந்தும் டேங்க் அப்படியே இருந்தால் தண்ணீர் போகவில்லை, என்ஜின் காய்ந்தபடி முழு பூஸ்டில் ஓடியிருக்கிறது. அறிகுறி 1-இல் இருந்து தொடங்குங்கள்.

இந்த இடத்தில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தண்ணீர் நின்றால் பூஸ்டும் தானாக இறங்கும் ஏற்பாடு இல்லாத வண்டியில் தண்ணீரை நம்பி டைமிங் ஏற்றாதீர்கள். டேங்க்கில் லெவல் சுவிட்ச் மட்டும் போதாது, நாசில் அடைத்தால் அதற்குத் தெரியாது. நாசில் பக்கம் ஃப்ளோ சென்சார் அல்லது பிரஷர் சென்சார் வைத்து, அளவு குறைந்தால் பூஸ்ட் சொலினாய்டுக்குப் போகும் சிக்னலை வெட்டி, வேஸ்ட்கேட் (எக்ஸாஸ்ட்டில் ஒரு பகுதியைத் திருப்பிவிட்டு பூஸ்டைக் கட்டுப்படுத்தும் வால்வு) ஸ்பிரிங் அளவு பூஸ்டில் வண்டி ஓடும்படி செய்ய வேண்டும். 1962-இலேயே ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் காரில் தண்ணீர்-மெத்தனால் கலவை தீர்ந்தால் பூஸ்டைக் குறைக்கும் வால்வு வைத்திருந்தார்கள். ஓனர்கள் பலர் கலவையை ஊற்ற மறந்துவிட்டு வண்டி இழுக்கவில்லை என்று புகார் செய்தார்கள். இழுக்காமல் போனதுதான் அந்த என்ஜின்களைக் காப்பாற்றியது. எம்4 ஜிடிஎஸ்ஸிலும் டிக்கியில் உள்ள 5 லிட்டர் டேங்க் காலியானால் என்ஜினே பவரைக் குறைத்துக்கொள்ளும்.

இந்தத் தற்காப்பு ஏற்பாடு (ஃபெயில்சேஃப்) வேலை செய்கிறதா என்று சோதிக்க, பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, ஆள் இல்லாத நேரான இடத்தில் மெதுவாக பூஸ்ட் ஏற்றுங்கள். கேஜ் வேஸ்ட்கேட் அளவைத் தாண்டினால் ஃபெயில்சேஃப் வயரிங் தவறு. உடனே காலை எடுங்கள். அதைச் சரி செய்வது ட்யூனரும் எலக்ட்ரீஷியனும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை.

அறிகுறி 7: டேங்கில் பாசி, நாசிலில் வெள்ளைப் படிவு

என்ன தண்ணீர் ஊற்றினீர்கள்?

போர்வெல் தண்ணீர் என்றால் விடை கிடைத்துவிட்டது. டிடிஎஸ் மீட்டரை விட்டுப் பாருங்கள், 1000-ஐத் தாண்டும் இடங்கள் நம் பக்கம் நிறைய. அந்த உப்பு முழுவதும் நாசிலிலும் வால்விலும் பிஸ்டன் தலையிலும்தான் உட்காரும். சிறுவாணித் தண்ணீர் குடிக்க எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதுவும் வேண்டாம். ஆர்ஓ தண்ணீர் அவசரத்துக்கு ஒரு முறை ஊற்றலாம். வழக்கமாக டிஸ்டில்டு வாட்டர்தான், மீட்டரில் 10-க்குக் கீழே காட்ட வேண்டும்.

பேட்டரி கடையில் வாங்கும்போது கேனின் லேபிளைப் படியுங்கள். பேட்டரி தண்ணீரும் பேட்டரி ஆசிடும் ஒரே மாதிரிக் கேனில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஆசிட் உள்ளே போனால் பம்ப், நாசில், இன்டேக் எதுவும் மிஞ்சாது.

ஏசியில் இருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றுபவர்கள் உண்டு. மீட்டரில் நன்றாகத்தான் காட்டும். ஆனால் அது காயில் மேல் படிந்த தூசியையும் பூஞ்சையையும் கழுவிக்கொண்டு வருகிறது, சீக்கிரம் வழவழப்பு பிடிக்கும்.

டேங்க் வெளிச்சம் புகும் வெள்ளை பிளாஸ்டிக்காக இருந்தால் பாசி வரும். கறுப்பு டேப் சுற்றுங்கள், தண்ணீரை மாதம் ஒரு முறை மாற்றுங்கள். ஏற்கெனவே வந்துவிட்டால் வினிகர் கலந்த தண்ணீரை நாசில் இல்லாமல் பம்ப் வழியாக ஓட்டிவிட்டு, டிஸ்டில்டு வாட்டரால் இரண்டு முறை அலசுங்கள்.

வெளிநாட்டுக் கிட்டுகளின் புத்தகத்தில் பாதிக்குப் பாதி மெத்தனால் கலக்கச் சொல்லியிருக்கும். இங்கே அதை மறந்துவிடுங்கள். தமிழ்நாட்டில் மெத்தனால் வைத்திருக்க உரிமம் வேண்டும். 2024-இல் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களின் உயிரைக் குடித்தது மெத்தனால் கலந்த சாராயம்தான். அதன் ஆவியும் விஷம், தோல் வழியாகவும் ஏறும், எரியும்போது பகலில் தீ கண்ணுக்கே தெரியாது. வெறும் தண்ணீரே தட்டலைத் தடுக்கப் போதும். மெத்தனாலுக்குப் பதிலாக சானிடைசர், தின்னர், கூலன்ட் என்று எதையும் ஊற்றாதீர்கள். சானிடைசரில் உள்ள கிளிசரின் நாசிலில் பிசின் மாதிரி ஒட்டும்.

டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் இரவு தங்குகிறீர்கள் என்றால் நாசிலுக்கு முன்னால் டியூபைக் கழற்றித் தண்ணீரை வடித்துவிடுங்கள். உறைபனி விழும் இரவில் டியூபிலும் பம்ப் தலையிலும் தண்ணீர் உறைந்தால் விரிசல் விழும்.

அறிகுறி 8: ஆயில் மூடியின் அடியில் வெள்ளைக் குழம்பு

பயந்துவிட வேண்டாம். தினம் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடி, சூடேறாமலே நிற்கும் வண்டியில் தண்ணீர் இன்ஜெக்‌ஷன் இல்லாவிட்டாலும் இது வரும். மூடியைத் துடைத்துவிட்டு, முக்கால் மணி நேரம் ஹைவேயில் ஓட்டிவிட்டுத் திரும்பப் பாருங்கள். வரவில்லை என்றால் சரி.

திரும்ப வந்தால் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். ஆயில் அளவு ஏறியிருக்கிறதா, அதுவும் பால் கலந்த நிறமா? ஏறியிருந்தால் வண்டியை நிறுத்துங்கள். அடுத்த கேள்வி கூலன்ட் குறைகிறதா என்பது. குறைந்தால் ஹெட் கேஸ்கெட் சந்தேகம். கூலன்ட் குறையாமல் இன்ஜெக்‌ஷன் டேங்க் மட்டும் குறைந்தால் அறிகுறி 4-இல் சொன்ன ஒழுக்கு. இரண்டில் எதுவானாலும் ஆயிலை மாற்றாமல் ஓட்டாதீர்கள். கேஸ்கெட் என்றால் மெக்கானிக்கிடம் விட வேண்டியதுதான்.

அறிகுறி 9: ஜாயின்ட்டில் ஒழுகுகிறது

டியூபைக் கத்தரிக்கோலால் வெட்டியிருப்பீர்கள். பிளேடால் நேராக வெட்டி, ஃபிட்டிங்கின் உள்ளே இரண்டாவது தடையைத் தாண்டும்வரை அழுத்துங்கள். ஆர்ஓ டியூபும் கிட் டியூபும் ஒரே கால் அங்குலம் என்பதால் பலர் மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். ஆர்ஓ டியூப் என்ஜின் சூட்டில் இளகிப் போய் முழு அழுத்தத்தில் பிடுங்கிக்கொள்ளும். நைலான் டியூப்தான் போட வேண்டும், எக்ஸாஸ்ட் பக்கம் போகாமல் எடுத்துச் செல்லுங்கள்.

ட்யூனரிடமோ மெக்கானிக்கிடமோ போகும்போது

"வண்டி இழுக்கலைங்க" என்று மட்டும் சொன்னால் அவர் முதலில் இருந்து தொடங்குவார், அந்த நேரத்துக்கும் நீங்கள்தான் காசு கொடுக்க வேண்டும். பாட்டில் சோதனையில் வந்த மில்லி அளவு, நாசில் எண், பம்ப் முனையில் பார்த்த வோல்டேஜ், தண்ணீரின் டிடிஎஸ், பிளக் இடைவெளி, கண்ட்ரோலரின் ஸ்டார்ட் அளவும் முழு அளவும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஸ்கேனரில் மூன்றாவது கியரில் முழு மிதி ஒன்றைப் பதிவு செய்து கொடுங்கள்: ஆர்பிஎம், பூஸ்ட், இன்டேக் சூடு, ஒவ்வொரு சிலிண்டரின் டைமிங் இழுப்பு, ஏர்-ஃபியூயல் அளவு. தண்ணீர் போட்டு ஒன்று, குறைந்த பூஸ்டில் தண்ணீர் மூடி ஒன்று. நாக்கிங் இருந்தால் முதல் பதிவை எடுக்க வேண்டாம், அதை அவர் டைனோவில் (வண்டியை நின்ற இடத்திலேயே ஓட்டி அளக்கும் மேடை) எடுத்துக்கொள்வார்.